மீட்பு வட்டு மறைந்த கதை

புதிய கணினியின் பெட்டியைப் பிரிக்கும்போது கணினியும் மின்னிணைப்புக் கம்பியும் ஒரு சிறு துண்டறிக்கையும் இருந்தால் நாம் இன்று நிறைவடைந்துவிடுகிறோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் அப்பெட்டியில் இன்னொரு பொருளும் இருந்தது. கணினியை உயிர்ப்பிக்கும் இயங்குதளம் அடங்கிய நெகிழ்வட்டுக் கட்டு அல்லது குறுந்தகடு அது. அது எப்போது காணாமற்போனது, ஏன் போனது என்று கேட்பவர் குறைவு. வன்தட்டு ஒருநாள் காலையில் கரகரத்து நின்றுபோன பிறகே அக்கேள்வி எழுகிறது. அப்போது விடை தெரிந்தும் பயனில்லை. இம்மறைவின் வரலாற்றைத் தொடர்ந்து சென்றால், விலை கொடுத்து வாங்கியவர் கையில் வாங்கிய பொருளின் பிரதி இருக்கலாமா என்ற நெடிய வழக்கு ஒன்றுக்குள் நாம் நுழைந்துவிடுகிறோம்.

அவ்வழக்கு தனிநபர் கணினியோடு சேர்ந்தே பிறந்தது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரிலிருந்த எம்.ஐ.டி.எஸ். நிறுவனம் ஆல்டேர் 8800 என்ற கணினியை விற்றுக்கொண்டிருந்தது. அதில் இயங்கும் பேசிக் மொழி நிரலை பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிக்கொடுத்தனர். நிரல் வந்தது துளையிட்ட காகிதச் சுருளில். அதே ஆண்டு கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நடந்த செயல்விளக்கம் ஒன்றில் ஒரு சுருள் காணாமற்போயிற்று. பின்னர் ஹோம்புரூ கணினிச் சங்கத்தின் கூட்டத்துக்கு அதன் பிரதிகள் ஒரு பெட்டி நிறைய வந்து சேர்ந்தன. எடுத்துச் செல்பவர் அடுத்த கூட்டத்துக்கு மேலும் பிரதிகளோடு வரவேண்டும் என்பதே விதித்த விலை. 1976 பிப்ரவரி 3 தேதியிட்ட திறந்த கடிதமொன்றில் பில் கேட்ஸ் இவ்வழக்கத்தைத் திருட்டென்று சாடினார். கணினி ஆர்வலர்களுக்கு அவர் எழுதிய அக்கடிதம் அன்று பெருஞ்சினத்தைக் கிளப்பியது.

அச்சண்டையில் இரு தரப்பும் பிரதி என்ற ஒரே சொல்லை இரு பொருளில் ஆண்டன என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிறருக்குக் கொடுக்கும் பிரதி ஒன்று. தன் பொருள் அழிந்தால் மீட்டுக்கொள்ள வைத்திருக்கும் பிரதி மற்றொன்று. முன்னது உரிமையாளரின் வருவாயைத் தொடுகிறது. பின்னது யாருடைய உணவையும் பறிப்பதில்லை. ஆயினும் இயந்திரத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றே. சுருளில் விழும் துளைக்கு நோக்கம் தெரியாது. முன்னதைத் தடுக்க எடுத்த ஒவ்வொரு முயற்சியிலும் பின்னது அடிபட்டதையே அடுத்த அரை நூற்றாண்டு நமக்குக் காட்டுகிறது.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணினியை அறிமுகப்படுத்தியது. அதன் டாஸ் இயங்குதளம் 160 கிலோபைட்டு கொள்ளளவுள்ள ஒரே நெகிழ்வட்டில் அடங்கியது. டாஸில் டிஸ்க்காப்பி என்ற கட்டளை இருந்தது. மூல வட்டை ஒருபுறமும் வெற்று வட்டை மறுபுறமும் இட்டு அக்கட்டளையைக் கொடுத்தால் அச்சு அசலாக இன்னொரு வட்டு கிடைக்கும். மூலத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் பிரதியைக் கொண்டு வேலை செய்வதே அக்காலத்தின் ஒழுக்கம். இயங்குதளத்தின் காப்புப் பிரதி என்பது அன்று ஒரு வரிக் கட்டளை; ஆகும் செலவு ஒரு வெற்று வட்டு.

அந்த எளிமைக்குள்ளும் ஒரு நுட்பம் இருந்தது. கடிதத்தையோ கணக்கையோ பிரதியெடுப்பதுபோல் இயங்குதளத்தைப் பிரதியெடுக்க முடியாது. டாஸின் இரு அடிப்படைக் கோப்புகள் பட்டியலில் தெரியாதவாறு மறைந்திருந்தன. வட்டில் அவை குறிப்பிட்ட இடத்தில் அமர்ந்திருந்தால்தான் கணினி எழும். கோப்புகளை மட்டும் நகர்த்தியவருக்கு எழாத வட்டே கிடைத்தது. இடத்தோடு சேர்த்துப் பிரதியெடுக்க வேண்டும் என்ற இப்பாடம் பின்னாளில் பெரிதாக வளர்ந்தது. 1983இல் 10 மெகாபைட்டு வன்தட்டோடு ஐ.பி.எம்.மின் எக்ஸ்.டி. கணினி வந்தது. அதன் வன்தட்டில் முதல் 512 பைட்டுகளே, எந்தப் பகுதியிலிருந்து எழ வேண்டும் என்பதைக் கணினிக்குச் சொல்லின. அந்தச் சிறு துணுக்கு எந்தக் கோப்பிலும் இல்லை. அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துச் சென்றாலும் கணினி எழாது.

இயங்குதளம் இப்படித் தாராளமாக இருந்தபோது மற்ற மென்பொருள்கள் பிரதிக்குப் பூட்டுப் போட்டன. 1983இல் வெளியான லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருளை வன்தட்டில் ஏற்றிக்கொண்டாலும், மூல வட்டு நெகிழ்வட்டு இயக்கியில் இருந்தால்தான் அது திறக்கும். மூல வட்டு பழுதானால் வாங்கியவர் வெறுங்கையர். அப்பூட்டுகளைத் தாண்டிப் பிரதியெடுக்கும் மென்பொருள்களும் கடைக்கு வந்தன, வழக்குகளும் தொடர்ந்தன. வால்ட் நிறுவனத்துக்கும் குவெய்ட் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில் 1988ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பூட்டு உடைக்கும் மென்பொருளை விற்றவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. நியாயமான காப்புப் பிரதி எடுப்பதற்கும் அது பயன்படும் என்பது அத்தீர்ப்பின் அடிக்கற்களுள் ஒன்று.

நீதிமன்றம் அப்படிச் சொல்வதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1980இல் செய்த திருத்தம், நிரலின் பிரதியை உடைமையாகக் கொண்டவர் காப்புக்காக இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்றது. 1991இல் ஐரோப்பியச் சமூகத்தின் நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே சென்று, பயன்படுத்தும் உரிமை பெற்றவருக்குத் தேவையான காப்புப் பிரதியை எந்த ஒப்பந்தத்தாலும் தடுக்க முடியாது என்றது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் இதே உரிமையைச் சேர்த்தது. அது உரிமையாளர் என்ற சொல்லைத் தவிர்த்து, சட்டப்படி கைவசம் வைத்திருப்பவர் என்ற பொருள்படும் சொல்லை ஆண்டது. இச்சொல்லாட்சி நமக்கு முக்கியம். மென்பொருளை நாங்கள் விற்கவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தருகிறோம் என்பது நிறுவனங்களின் நிலையான வாதம். உடைமை என்ற சொல்லைச் சுற்றி அவ்வாதம் நெடுநாள் சுழலலாம். கைவசம் என்ற சொல்லின் முன் அதற்கு அவ்வளவு வலுவில்லை.

எனினும் மூன்று சட்டங்களிலும் ஒரு வாசல் திறந்தே கிடந்தது. பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று அவை சொல்லின. பிரதி எடுப்பதற்கு ஏற்ற மூலத்தை விற்பவர் தரவேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. மீட்பு வட்டு வெளியேறியது அந்த வாசல் வழியாகத்தான்.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியானது. நெகிழ்வட்டுகளில் வாங்கினால் 13 வட்டுகள். அவற்றுள் பெரும்பாலானவை வழக்கமான 1.44 மெகாபைட்டுக்குப் பதிலாக 1.68 மெகாபைட்டு கொள்ளும்படி தனி முறையில் எழுதப்பட்டவை. பழைய டிஸ்க்காப்பி அவற்றின்முன் கைவிரித்தது. வட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே அம்முறையின் பயன். பிரதியெடுப்பவரின் கையைக் கட்டியது அதன் உடன்விளைவு. இயங்குதளம் ஏற்றப்பட்டே வந்த கணினிகள் சிலவற்றில், வட்டுகளை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் ஒரு கருவி மட்டும் இருந்தது. வெற்று வட்டுகளை வாங்கிவந்து ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி இடும் பொறுமை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? வட்டு தருவது விற்பவரின் கடமை என்ற நிலையிலிருந்து, வட்டு செய்துகொள்வது வாங்கியவரின் பொறுப்பு என்ற நிலைக்கு நாம் நகர்ந்தது இங்கேதான்.

2000ஆம் ஆண்டில் அந்நகர்வு விதியாயிற்று. முழுமையான விண்டோஸ் குறுந்தகட்டைக் கணினியோடு சேர்த்துத் தருவதைப் பெரிய கணினி நிறுவனங்கள் நிறுத்திக்கொள்ளும்படி மைக்ரோசாஃப்ட் தன் உரிம நிபந்தனைகளை மாற்றியது. அந்தக் கணினியில் மட்டுமே இயங்கும் மீட்பு வட்டோ, வன்தட்டிலேயே வைத்த மீட்புப் பிரதியோ போதும் என்றாயிற்று. திருட்டுப் பிரதிகளைக் கட்டுப்படுத்துவதே சொல்லப்பட்ட காரணம். அடுத்த ஆண்டு அக்டோபர் 25 அன்று வந்த விண்டோஸ் எக்ஸ்பி பூட்டை இன்னும் இறுக்கியது. பெரிய நிறுவனங்களின் மீட்பு வட்டுகள் தாய்ப்பலகையின் பயாஸில் பொறித்த நிறுவனப் பெயரைத் தேடிப் பார்த்த பிறகே தம்மை முடுக்கிக்கொண்டன.

சிறிய கடைகளில் கணினியைக் கூட்டிக் கட்டித் தருவோருக்கு இவ்விதி பொருந்தவில்லை. அவர்கள் வாங்கி விற்ற விண்டோஸ் முழுக் குறுந்தகட்டோடே வந்தது. இதனால் விந்தையான நிலையொன்று தோன்றியது. சென்னை ரிச்சி தெருவில் உதிரிகளை வாங்கிக் கட்டிய கணினிக்கு, சட்டப்படியோ அல்லாமலோ, ஒரு வட்டு கையில் இருந்தது. பெயர்பெற்ற நிறுவனத்தின் மடிக்கணினியை முழு விலைக்கு வாங்கியவரிடம் இருந்ததோ கணினியின் அடிப்புறத்தில் ஒட்டிய உரிமச் சீட்டு மட்டுமே. விதி தடுக்க விரும்பியவரிடம் வட்டு இருந்தது. விதியை மதித்தவரிடம் இல்லை.

இந்த இல்லாமை தமிழ் எழுதுவோரைத் தனியாகத் தாக்கியது. விண்டோஸ் 2000 முதற்கொண்டு மைக்ரோசாஃப்டின் இயங்குதளம் யூனிகோடு தமிழை அறிந்திருந்தது. லதா எழுத்துரு அதனோடு வந்தது. ஆயினும் எக்ஸ்பியில் தமிழ் தானாக விழித்திருக்கவில்லை. மொழி அமைப்புப் பக்கத்தில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தைக் குறியிட வேண்டும். ஏறத்தாழ 10 மெகாபைட்டு இடம் தேவை என்று கணினி சொல்லும். பிறகு விண்டோஸ் குறுந்தகட்டை இடு என்று கேட்கும். தகடு இல்லாதவர் அவ்விடத்தில் நின்றார். ஐ386 என்ற கோப்புறையை நிறுவனம் வன்தட்டில் விட்டுவைத்திருந்தால் பிழைத்தார். இல்லையேல் பல செயலிகளில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கின. துணையெழுத்துகள் புள்ளிவட்டங்களோடு உதிர்ந்து கிடந்தன. இணையத்தில் தமிழ் வாசிக்க ஆசைப்பட்ட ஒருவருக்கும் தமிழுக்கும் இடையே, பெட்டியில் இல்லாமற்போன ஒரு குறுந்தகடு நின்றது. 2007இல் வந்த விஸ்டாவில்தான் இந்த வேலி அகன்றது.

குறுந்தகட்டின் இடத்தை வன்தட்டின் மறைவான பிரிவு பிடித்துக்கொண்டது. வன்தட்டில் சில கிகாபைட்டுகளைத் தனியே ஒதுக்கி, இயங்குதளத்தையும் இயக்கிகளையும் சுருக்கி அதில் வைத்துவிடுவார்கள். கணினி எழும் தறுவாயில் உரிய விசையை அழுத்தினால் பழைய நிலை திரும்பும். எச்.பி.யில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10உம், ஏசுஸில் எஃப்9, டோஷிபாவில் சுழியம் என ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திர விசை. வட்டைத் தேட வேண்டாம், தொலைக்க வேண்டாம், கீறல் விழாது. நச்சுநிரல் புகுந்து இயங்குதளம் குலைந்த நாள்களில் இவ்வேற்பாடு பலரைக் காப்பாற்றியது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இயங்குதளம் குலைவது ஒரு நோய். வன்தட்டு சாவது வேறொரு நோய். முதலாவதற்கான மருந்தை இரண்டாவது அழித்துவிடுகிறது. கடலில் செல்லும் கப்பல் தன் உயிர்காப்புப் படகை மேல்தளத்தில் தொங்கவிடாமல் அடித்தளத்தில் பூட்டி வைத்ததற்கு ஒப்பானது இது. கப்பல் மூழ்கும்போது படகும் மூழ்கும். உற்பத்தியாளர்களும் இதை அறிந்திருந்தனர். ஆகவே, புதிய கணினியை முதன்முதலில் இயக்கியதும் மீட்பு வட்டுகளை உருவாக்கிக்கொள்ளுமாறு ஒரு நினைவூட்டல் எழும். சில டிவிடிகளோ அதைப்போல் பலமடங்கு சிடிகளோ தேவைப்படும். எச்.பி.யின் கருவி ஒரே ஒரு தொகுதி வட்டுகளை மட்டுமே உருவாக்க அனுமதித்தது. பின்னர் செய்துகொள்ளலாம் என்று அந்த நினைவூட்டலை மூடியவர்கள் எண்ணிலடங்கார்.

இவ்வட்டுகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அவை மீட்பது கணினி தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட நாளை. நாம் அமைத்துக்கொண்ட நாளை அவை அறியா. இலவச முன்னோட்ட மென்பொருள்கள் எல்லாம் திரும்ப வரும். முரசு அஞ்சலும் இ-கலப்பையும் சேர்த்துவைத்த எழுத்துருக்களும் வாரா. நமக்கு வேண்டிய நாளுக்குத் திரும்ப வேண்டுமானால் வன்தட்டு முழுவதையும் அந்நாளில் பிரதியெடுத்திருக்க வேண்டும்.

அதற்கான வழி வேறொரு நாட்டிலிருந்து வந்தது. நியூசிலாந்தைச் சேர்ந்த மர்ரே ஹாஸார்ட் 1990களின் நடுவில் கோஸ்ட் என்ற மென்பொருளை உருவாக்கினார். கோப்பு கோப்பாகப் பொறுக்காமல் வன்தட்டையே, எழுப்பும் துணுக்கு உட்பட, ஒட்டுமொத்தமாக ஒரே கோப்பாக்கித் தருவது அது. இன்னொரு தட்டில் அக்கோப்பை விரித்தால் அதே கணினி அங்கே எழுந்து நிற்கும். பேய் என்று பொருள்படும் அப்பெயர் நம் கதை மரபில் வளர்ந்தவர்களுக்கு உடனே விளங்கும். கூடு விட்டுக் கூடு பாய்தலன்றி வேறென்ன? 1998இல் சிமென்டெக் நிறுவனம் அதை வாங்கியது. அப்படி உருவாகும் கோப்பை இமேஜ் என்றார்கள். அதைப் படிமம் என்று தமிழாக்கியபோது கவிதை விமர்சனம் படித்துப் பழகியவர்கள் சற்றே திகைத்திருக்கக்கூடும்.

அதன்பின் இவ்வித்தை பரவலாயிற்று. 2000இல் ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ், வன்தட்டைத் தொடாமல் குறுந்தகட்டிலிருந்தே முழு லினக்ஸை எழுப்பியது. உறங்கும் வன்தட்டை வெளியிலிருந்து பிரதியெடுக்க இது பெருவசதி. இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளம் தன் கோப்புகள் பலவற்றைப் பிறர் தொடாதபடி பிடித்துவைத்திருக்கும் என்பதே அதுவரை இருந்த இடர். தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான குளோன்சில்லா, கோஸ்ட் செய்ததைக் கட்டணமின்றிச் செய்தது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7, தன் எல்லாப் பதிப்புகளிலும் படிமம் எடுக்கும் வசதியையும், கணினியை எழுப்பும் பழுதுநீக்கு வட்டை உருவாக்கும் வசதியையும் சேர்த்துத் தந்தது. மீட்பு வட்டு தரப்படாதவருக்கும் முழுமையான மீட்பு கைக்கெட்டியது. கேட்டது ஒரு புறவன்தட்டும் ஒரு மாலைப்பொழுதும்தான்.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் மங்களமாக முடிந்திருக்கும். 2011இல் ஆப்பிள் நிறுவனம் லயன் என்ற இயங்குதளத்தை வட்டில்லாமல் இணையக்கடை வழியாக வெளியிட்டது. வன்தட்டு வெறுமையாக இருந்தாலும் இணையத்திலிருந்தே மீளும் வழியை அவ்வாண்டின் புதிய கணினிகளில் சேர்த்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, எவரும் நிறுவல் கோப்பை இறக்கி ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் ஏற்றிக்கொள்ளலாம் என்றானது. 2000இல் கதவைச் சாத்திய நிறுவனமே பதினைந்து ஆண்டுகளில் அதைத் திறந்தது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மேகத்திலிருந்தே இயங்குதளத்தை மறுபடி இறக்கிக்கொள்ள முடிகிறது. இன்று மூலம் எங்கும் கிடைக்கிறது. ஆனால் கிடைப்பது அன்றைய தேதியில் நிறுவனம் தர விரும்பும் பதிப்பு. இணைப்பு இருந்தால் மட்டும் கிடைப்பது. விண்டோஸுக்குள் இருந்த படிமம் எடுக்கும் கருவியையோ, கைவிடப்படவிருக்கும் வசதிகளின் பட்டியலில் 2017இலேயே மைக்ரோசாஃப்ட் சேர்த்துவிட்டது; பிறருடைய கருவிகளை நாடுமாறும் சொன்னது.

இப்போது ஒரு புதுப் பூட்டும் சேர்ந்திருக்கிறது. 2024இல் வெளியான விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கம் பெறுகிறது. திருடன் கையில் மடிக்கணினி சிக்கினால் இது நற்காப்பு. ஆனால் தாய்ப்பலகை பழுதாகி, வட்டை எடுத்து வேறு கணினியில் பொருத்தினால், 48 இலக்கம் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அவ்வெண் இணையக் கணக்கில் இருக்கிறது. கணக்கின் கடவுச்சொல் எங்கே என்று கேட்டால், நம்மில் பலருக்கு அது அதே கணினியில் இருக்கிறது. படகைக் கப்பலின் அடித்தளத்தில் பூட்டிய அன்றைய தவற்றை, சாவியை வைத்து நாம் மறுபடி செய்கிறோம்.

காகிதச் சுருளிலிருந்து மேகம் வரை பார்த்துவிட்ட பிறகு ஒன்று தெளிவாகிறது. ஒவ்வொரு படியிலும் மீட்பது எளிதாயிற்று. ஒவ்வொரு படியிலும் மீட்கும் பிரதி நம் கையைவிட்டு ஒரு முழம் விலகியது. அலமாரியிலிருந்து வன்தட்டின் மறைவுக்கும், அங்கிருந்து தொலைவிலுள்ள எவருடைய கிடங்குக்கோ அது போய்ச் சேர்ந்தது. சட்டம் தந்த உரிமை இன்றும் நம்மிடமே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் பழக்கம்தான் டிஸ்க்காப்பியோடு போய்விட்டது.

புதிய கணினி வாங்கிய முதல் வாரத்திலேயே, அதில் சொந்த எழுத்து எதுவும் சேருமுன், மூன்று காரியங்களைச் செய்துவிடுவது நல்லது. நிறுவல் கோப்பை ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் ஏற்றி வைக்கலாம். தமிழ் உள்ளீடும் வேண்டிய மென்பொருள்களும் அமைத்து முடித்த நிலையில் முழுத்தட்டின் படிமமொன்றைப் புறவன்தட்டில் எடுத்து, அதைக் கணினிப் பையில் வைக்காமல் வேறிடத்தில் வைக்கலாம். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்துவிடலாம். எடுத்த படிமம் உண்மையில் எழுகிறதா என்று ஒருமுறை சோதித்தும் பார்க்க வேண்டும். சோதிக்காத பிரதி வெறும் நம்பிக்கையாகவே எஞ்சிவிடும். பத்தாண்டுகளாக எழுதிச் சேர்த்தவை அனைத்தும் அந்த இயந்திரத்துக்குள்தான் இருக்கப்போகின்றன என்பதை நினைத்தால், அதற்குச் செலவாகும் ஒரு மாலைப்பொழுது பெரிதாகத் தோன்றாது.